நிலை: ஒரு வெட்டு

எழும்பூர் அருங்காட்சியகத்தின் பின்கட்டில்,
ஏசி பழுதான அறையில்,
அரசர்களை எடை போடுவது என் வேலை.
ஆறு மாத ஒப்பந்தம். காசு ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய்.

தட்டில் வைக்கிறேன்.
எண் கொஞ்சம் நடுங்கி, நிற்கிறது.
மூன்று புள்ளி ஆறு ஒன்று கிராம்.
வெள்ளி. ரோமானியர். டைபீரியஸ்.

ஞாயிறு வகுப்பில் திபேரியு இராயன் என்று
உருப்போட்ட ஆள்தான் இது என்று
நூற்றிப் பத்தாவது காசில்தான் உறைத்தது.

நீள மூக்கு. இறுகிய வாய்.
காதிலிருந்து தாடை வரை
உளியால் ஒரே வெட்டு.

உள்ளே செம்பு ஒளிந்திருக்கிறதா என்று
இங்கே யாரோ சோதித்திருப்பார்கள்
என்பார் தெய்வசிகாமணி சார்.
இல்லை, இனிச் செல்லாது என்று சொல்ல வெட்டியது
என்பார் அவரே, சாப்பாட்டுக்குப் பிறகு.
பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.
வெட்டியவனுக்குக் கட்டமே இல்லை.
மிளகு மூட்டை பக்கத்தில் குந்தி
கடல் தாண்டி வந்த முகத்தைக் கல்லில் வைத்து
ஓங்கி ஒரு போடு போட்டவன்
மத்தியானம் என்ன சாப்பிட்டானோ.

பெண்கள் நகைக்காக நம் பணமெல்லாம்
அந்நிய தேசம் போகிறதே என்று
சபைக்குக் கடிதம் எழுதிப் புலம்பினானாம் இராயன்.
போன பணம் இதோ,
பழைய ஃபிலிம் டப்பாவில், பஞ்சு மெத்தையில்.

வரிசையில் முன்னால் நின்றவர்கள்
ஒவ்வொருவராய்ச் செத்த பிறகு
ஐம்பத்தைந்து வயதில் கிடைத்த பட்டம்.
இருபத்து மூன்று ஆண்டு.
அதில் கடைசிப் பத்துப் பதினொன்று
ஒரு தீவில் உட்கார்ந்து
கடிதத்திலேயே ஆண்டான்,
கடிதத்திலேயே கொன்றான்.
கஜானா நிறைந்திருந்தது.
போய்விட்டான் என்றதும்
ஆற்றில் தூக்கிப் போடு என்று கூவியது ஊர்.

இதெல்லாம் எடைக்கு வராது.

ஆனால் அவனுக்கு முதலில் ஒரு மனைவி இருந்தாள்.
விப்சானியா.
என் மகளைக் கட்டிக்கொள் என்றார் பெரியவர், அப்போதைய சக்கரவர்த்தி.
வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளை
விலக்கினான். மறுபேச்சு இல்லை.
பிறகொரு நாள் தெருவில் அவளைப் பார்த்து
கண்ணில் நீர் கோத்து
பார்வை போகிற தூரம் வரை பின்தொடர்ந்தான்.
அன்றோடு சரி.
இனி அவள் அவன் கண்ணில் படாதபடி
பார்த்துக்கொண்டார்கள்.

காசைத் திருப்பினால் ஒரு பெண்,
கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கிறாள்.
அவளா சார்?
இல்லப்பா, சமாதானத்துக்கான தேவதை.
அவன் அம்மாதான் அது என்றும் சொல்வார்கள்.

சிரித்துவிட்டேன்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் அம்மா.
‘எம் பையன் நாணயமானவன்’ என்று சொல்லித்தான்
எங்கள் அம்மாவும் பிரமிளாவைப் பெண் கேட்டாள்.
அதே வாயால்தான் பிறகு
போகட்டும் விடு என்றாள்.
நானும் விட்டேன்.

போன செவ்வாய், காந்தி இர்வின் பாலத்துச் சிக்னல்.
ஷேர் ஆட்டோவில் ஓரமாக, மடியில் சாப்பாட்டுப் பை.
கண்ணாடி புதுசு. அது அவளுக்குப் பொருந்தியிருந்தது.
என்னைப் பார்க்கவில்லை.
பச்சை விழுந்ததும் நடந்தேன், பிறகு கொஞ்சம் ஓடினேன்,
ஒரு தண்ணி லாரி நடுவில் வரும் வரை.

அவனுக்குத் தெருவைத் துடைத்து வைக்க ஆள் இருந்தது.
எனக்குப் பெரம்பூர் பஸ்தான் இருக்கிறது.
இந்த ஊர் அவளை மறுபடி காட்டும்,
மருந்துக் கடையில், எதிர் பிளாட்பாரத்தில்,
மழைக்கு ஒதுங்கும் ஏதாவது ஏடிஎம் வாசலில்.
காட்டாமலிருக்க யாரிடம் உத்தரவு வாங்குவது?
வாங்கத்தான் வேண்டுமா?

அடுத்த காசு. மூன்று புள்ளி ஐந்து எட்டு.
அதே மூக்கு, அதே வாய்.
கன்னம் வழுவழுப்பாக இருக்கிறது.

சார், வெட்டு இல்லேன்னா நிலையில என்ன எழுத?

ஒண்ணும் எழுதாதே.
காலியா விடு.